மாவுக்காரர் கொண்டுவந்த சட்டம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை மேல வைக்கணுமா? என் பையைத் தள்ளிட்டு வைங்க, அதுல உடையுற சாமான் எதுவும் இல்லை, எல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட்டுதான். ஆமா, அந்தப் பச்சைச் சேலை அம்மா உங்ககிட்ட வந்து சீட்டு மாத்திக்கலாமான்னு கேட்டாங்கல்ல, என்ன காரணம் சொன்னாங்க? குறட்டையா? விமானம் இன்னும் கிளம்பவே இல்லை, அதுக்குள்ள நான் குறட்டை விட்டுட்டேனாம். கேட்டுக்கங்க. அது என் சம்சாரம் பொற்கொடி. முப்பத்திரண்டு வருஷமா என்கூட இருந்தவளுக்கு, தோஹா வரைக்கும் பதினாலு மணி நேரம் பக்கத்துல உக்கார முடியலையாம்.

நீங்க மதுரைக்கா? கல்யாணமா? யாருக்கு, உங்களுக்கா? அடி சக்கை. நல்லா இருங்க. நாங்களும் மதுரைதான். விசேஷம் இல்லை தம்பி, ஆபரேஷன். எனக்கில்லை, நான் கல்லு மாதிரி இருக்கேன். அவளுக்குத்தான். இதய வால்வு. அமெரிக்காவுல இல்லாத டாக்டரான்னு கேக்கப் போறீங்க. கேளுங்க, எல்லாரும் கேக்குறாய்ங்க. இருக்காய்ங்க. எங்க வீட்டுலருந்து கார்ல எட்டு நிமிஷம், பெரிய ஆஸ்பத்திரி, வாசல்ல பியானோகூட இருக்கு. நாங்கதான் ஒன்பதாயிரம் மைல் போயிட்டிருக்கோம். அது ஒரு கதை.

என் பேரு தனுஷ்கோடி. இங்க எங்க ஊர்ல சோளக்காடுதான் அதிகம், ஆனா மாநிலச் சட்டசபை வரைக்கும் என் பேரு தெரியும். சும்மா சொல்லலை. நான் ஒரு சட்டம் கொண்டுவந்தவன். சிரிக்காதீங்க தம்பி. உங்க வயசுல எத்தனை பேரு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கீங்க?

முதல்ல நானும் உங்களை மாதிரி கம்ப்யூட்டர்தான். அம்பத்திரண்டு வயசுல ஆபீஸ்ல கூப்பிட்டு, சாமானை அள்ளிக்கங்கன்னு கையில ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்து, போயிட்டு வாங்கன்னாய்ங்க. சரி போங்கடான்னு இட்லி மாவு அரைக்க ஆரம்பிச்சேன். சுத்து வட்டாரத்துல ஆறு ஊர் கடைக்கு நம்ம மாவுதான். கல்யாணம் முடிஞ்சு சம்சாரத்தைக் கூட்டிட்டு வாங்க, ரெண்டு டப்பா தர்றேன். மாவுல எனக்கு எதிரி யாருமில்லை, ஒரே ஒருத்தியைத் தவிர. சுகாதார ஆபீஸ்லருந்து வருவா. நாங்க அவளுக்கு தெர்மாமீட்டர் அம்மான்னு பேரு வச்சிருந்தோம். ஊற வச்ச அரிசியும் உளுந்தும் ஐஸ்பெட்டிக்குள்ளதான் இருக்கணும், அது ரூல். மாவு புளிக்கணும்னா வெளிய இருக்கணும், அது மாவோட ரூல். மாவுக்குள்ள தெர்மாமீட்டரைக் குத்திப் பாத்துட்டு கெட்டுப்போச்சுங்குறா. கெட்டுப்போகலைம்மா, இதுக்குப் பேருதான் புளிக்கிறதுன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். நாலு டிரம் மாவு, தம்பி. என் கண்ணு முன்னாடி சாக்கடையில ஊத்துனா. அன்னைக்கு முடிவு பண்ணேன், ரூல்னு எவன் சொன்னாலும் அவன் நமக்கு ஆகாதவன்.

இப்ப இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்கு ஆபீஸ்ல கொடுத்துருவாய்ங்க, அதனால தெரிஞ்சிருக்காது. என்னை மாதிரி சொந்தத் தொழில்காரன் மருத்துவக் காப்பீடு வாங்க அரசாங்கம் ஒரு சந்தை வச்சிருக்கு. சந்தைன்னா கம்ப்யூட்டர்ல. நவம்பர் மாசம் வாசல் திறக்கும், ஜனவரியோட சாத்திருவாய்ங்க. ஊர் லைப்ரரியில சனிக்கிழமை சனிக்கிழமை ஹெப்சிபான்னு நம்ம நாசரேத்துக்காரப் பொண்ணு உக்காந்து, வர்றவங்களுக்கெல்லாம் ஃபார்ம் போட்டுக் கொடுக்கும். எங்களுக்கும் அதுதான் போட்டுக் கொடுத்துச்சு. வயசு கேட்டாய்ங்க, ஊர் கேட்டாய்ங்க, சிகரெட் குடிப்பீங்களான்னு கேட்டாய்ங்க. வியாதி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலை. என்னம்மா இது, கூமுட்டை ஃபார்மா இருக்குன்னேன். "கேக்கக்கூடாதுங்கறதுதான் அங்கிள் ரூல்"னுச்சு. ரூல்னு சொன்னதும் எனக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு.

அப்புறம் எங்க ஊர்த் தமிழ்ச் சங்கத்துல நான் செயலாளர். பதினோரு வருஷமா. தேர்தலெல்லாம் நடக்கும், வேற யாரும் நிக்க மாட்டாய்ங்க. பொங்கல் விழாவுக்கு யாராவது வெள்ளைக்காரப் பெரிய மனுஷனைக் கூட்டிட்டு வந்து பொன்னாடை போத்தலைன்னா நம்மாளுகளுக்குப் பொங்கலே இறங்காது. இந்த வருஷம் சட்டசபை உறுப்பினர் டாலிவர் வந்தார். ஆறரை அடி மனுஷன். பொன்னாடை அவருக்கு இடுப்பு வரைக்கும்தான் வந்துச்சு. சக்கரைப் பொங்கல் ரெண்டு கப் சாப்பிட்டார். "தொழில் காவலர்"னு பட்டம் கொடுத்தோம், அதைப் பிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கார். அந்த மனுஷன்கிட்ட மாவு விஷயத்தைச் சொன்னேன். கண்ணு கலங்கிருச்சு. என் தோள்ல கையைப் போட்டு, "மிஸ்டர் கோடி, நான் ஒரு மசோதா கொண்டுவர்றேன், அதுல உங்க மாவும் இருக்கும்"னார்.

இருந்துச்சு. பொய் சொல்லலை. மொத்தம் நூத்திப் பத்து பக்கம். எண்பத்தாறாம் பக்கத்துல, புளிக்க வைக்கிற பண்டத்துக்கெல்லாம் குளிர்ப்பெட்டி ரூல் கிடையாதுன்னு நாலு வரி. நான் எண்பத்தாறாம் பக்கத்தை மட்டும் பத்து தடவை படிச்சேன். மத்த பக்கமெல்லாம் அந்த இன்சூரன்ஸ் சந்தை சமாச்சாரம். சந்தைக்கு வெளிய விக்கிற பிளானுக்குச் சந்தை ரூல் கிடையாது, கம்பெனிக்காரன் அங்க இஷ்டப்பட்ட மாதிரி பிளான் விக்கலாம், இஷ்டப்பட்ட கேள்வி கேக்கலாம், இஷ்டப்பட்டவனுக்குக் கொடுக்கலாம். இதுல நமக்கென்ன வந்துச்சு? வியாபாரம்னா நாலு கேள்வி கேக்கத்தானே செய்வான்?

ஆதரவுக் கையெழுத்து ஒரு இருநூறு இருந்தா நல்லா இருக்கும்னார் டாலிவர். நம்மாளுகள்ட்ட கையெழுத்துக் கேட்டுப் பாருங்க தம்பி. விசா போயிருமாம்பான், வீட்டுல கேக்கணும்பான். ஆனா அந்தப் பொங்கல் விழா அன்னைக்குச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்க வரிசையில நின்னு, பேரு, விலாசம், போன் நம்பர், கையெழுத்து எல்லாம் தானா போட்டாய்ங்க. இருநூத்திப் பன்னிரண்டு பேரு. முத்து முத்தா. அந்தத் தாளை எடுத்து மேல ஒரு தலைப்பு ஒட்டிக் கொடுத்துட்டேன். என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? சாம்பார் சாதத்துக்குப் போட்டா என்ன, சமுதாயத்துக்குப் போட்டா என்ன, அதே கையெழுத்துதானே? முதல் கையெழுத்து பொற்கொடிது. அவதான் டோக்கன் மேஜையில உக்காந்திருந்தா.

பிப்ரவரியில சட்டசபையில விசாரணை வச்சாய்ங்க. வேணும்கிறவன், வேண்டாம்கிறவன் எல்லாரும் பேசலாம். நான் கோட்டு, பொற்கொடி பட்டுச்சேலை. முன் வரிசை. யார் எந்திரிச்சு எதிர்த்துப் பேசுறான்னு பாத்தா நம்ம ஹெப்சிபா. "என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு ஏதோ ஒரு வியாதி ஏற்கெனவே இருக்கு. இந்த ரூலை எடுத்துட்டா, வெளிய விக்கிற பிளான் அவங்களைக் கேள்வி கேட்டே கொன்னுரும்"னு நல்லாத்தான் பேசுச்சு. டாலிவர் பொறுமையாக் கேட்டுட்டு, நம்ம தாளைத் தூக்கிக் காட்டினார். "அம்மா, நாப்பத்தேழாவது பேரு உங்களுதுதானே? நீங்களே ஆதரிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே"ன்னார். சபையே சிரிச்சுருச்சு. அந்தப் பொண்ணு தாளை வாங்கிப் பாத்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பார்வையில எனக்குக் கொஞ்சம் வேர்த்துருச்சு. பொற்கொடி பட்டுச்சேலையோட எந்திரிச்சு வெளிய போய் கார்ல உக்காந்துக்கிட்டா. வீட்டு வாசல்ல இறங்குறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா: "நான் சோத்துக்குத்தானேங்க கையெழுத்துப் போட்டேன்?"

பொம்பளைகளுக்கு அரசியல் நுணுக்கம் புரியாது தம்பி.

மசோதா நிறைவேறிருச்சு. கடைசி நாள்ல ராத்திரியோட ராத்திரியா சில பக்கத்தை உருவிட்டாய்ங்க, அதுல எண்பத்தாறும் போயிருச்சு. மாவு போச்சு, இன்சூரன்ஸ் நின்னுச்சு. டாலிவர் ரொம்ப வருத்தப்பட்டார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னார். மறு வாரமே தெர்மாமீட்டர் அம்மா வந்து நின்னா. ஆனா ஒண்ணு, சட்டத்துல கவர்னர் கையெழுத்துப் போட்டுட்டு வேண்டியவங்களுக்குப் பங்கு வைக்கிற பேனாக்கள்ல ஒண்ணை எனக்குக் கொடுத்தார் டாலிவர். கறுப்புப் பேனா, தங்க எழுத்து. இவ்வளவு பெரிய நாட்டுல, மாவு அரைக்கிறவனுக்கு. மதிக்கத் தெரிஞ்ச மனுஷன்.

ஜூன் மாசம் புது பிளான் விற்பனைக்கு வந்துச்சு. முதல் ஆளா நான் வாங்கணும், போட்டோ பிடிக்கணும்னு டாலிவர் ஆபீஸ்லருந்து போன். மாட்டேன்னா சொல்ல முடியும்? ஊருக்கெல்லாம் நல்லதுன்னு சொல்லிட்டு, நான் மட்டும் ஹெப்சிபா போட்டுக் கொடுத்த சந்தை பிளான்ல ஒளிஞ்சுக்கிட்டிருந்தா அசிங்கமில்லையா? பொற்கொடி சொன்னா, உங்களுக்கு வேணும்னா மாறிக்கங்க, என்னை விட்டுருங்கன்னு. குடும்பப் பிளான்ம்மா, போட்டோவுல நீயும் இருக்கணும்னேன். பழசை விட்டாச்சு, புதுசு வாங்கியாச்சு. ஃபார்மை அந்தக் கறுப்புப் பேனாவாலயே நிரப்பினேன்.

அந்த ஃபார்ம்ல முப்பத்தோரு கேள்வி. சக்கரை உண்டா, கொழுப்பு உண்டா, இதயத்துல ஏதும் கோளாறு உண்டா, வால்வுல பழுது உண்டான்னு தனியா ஒண்ணு. பொற்கொடிக்கு முப்பத்தொண்ணுக்கும் "இல்லை"ன்னு எழுதிட்டேன்.

ஏன்னு கேக்குறீங்களா? நீங்க கல்யாணம் பண்ணிக்கப் போறவரு, உங்களுக்குச் சொல்லலாம். அவளுக்கு ஏழு வயசுல வாதக் காய்ச்சல் வந்து, அதுல வால்வு கெட்டிருக்கு. பொண்ணு பாக்கப் போனப்ப எங்க மாமனார் மூச்சு விடலை. விட்டா கல்யாணம் நடக்குமா? கல்யாணமான மூணாவது மாசம் அழகர்மலை ஏறுறப்ப பாதியில உக்காந்துட்டா. உதடெல்லாம் நீலம். எங்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னா, அப்பா யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னாருங்க, என்னைக் கொண்டுபோய் விட்டுருவீங்களான்னு. லூசு, இதை யார்ட்டடி சொல்லப்போறேன்னேன். சொல்லலை. எங்க அம்மாவுக்குச் சொல்லலை, தங்கச்சிக்குச் சொல்லலை. அவ பிள்ளை பெத்தா உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னப்ப, கோளாறு என்கிட்டதான்னு ஊர் பூராவும் நானே சொல்லிட்டேன். எங்க அம்மா சாகுற வரைக்கும் எனக்குத்தான் சாமி கும்பிட்டுக்கிட்டிருந்துச்சு. அதெல்லாம் எனக்கு ஒரு குறையா இல்லை தம்பி. அவளைப் பத்தி எவன் என்ன கேட்டாலும் என் வாயில "இல்லை"தான் வரும். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். ஒரு கம்பெனிக்காரன் கேட்டா மட்டும் எழுதிருவேனா?

ஜூலையில மாடிப்படி ஏறுனவ ஏழாவது படியில நின்னுட்டா. வால்வு ஊசித் துவாரமாச் சுருங்கிருச்சாம். மூணு மாசத்துக்குள்ள மாத்தணும்னாய்ங்க. மாத்துங்கன்னேன், பிளான் இருக்குல்ல. கம்பெனிக்காரன் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையெல்லாம் தோண்டி எடுத்துட்டான். எங்க தோண்டுனான்னு தெரியலை. நீங்க "இல்லை"ன்னு எழுதினது பொய், அதனால பிளானே ரத்துங்குறான். சரிடா, "ஆமா"ன்னு எழுதியிருந்தா? அப்படி எழுதியிருந்தா பிளானே கொடுத்திருக்க மாட்டோம்கிறான். எவ்வளவு தெளிவா வச்சிருக்காய்ங்க பாருங்க. டாலிவருக்குப் போன் போட்டேன். தேர்தல் வேலையில இருக்காராம். ஒரு பூச்செண்டு அனுப்பியிருந்தார்.

கடைசியில சங்கடத்தை விட்டு லைப்ரரிக்குப் போய் நின்னேன். ஹெப்சிபா ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. குத்திக் காட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். கம்ப்யூட்டர்ல அரை மணி நேரம் தட்டிப் பாத்துட்டு, "அங்கிள், நீங்களா விட்டுட்டு வந்ததால நடுவுல உள்ள போக முடியாது. நவம்பர்ல எழுதலாம், ஜனவரியிலருந்துதான் செல்லும்"னுச்சு. அதுவரைக்கும் தாங்குமான்னு கேட்டுச்சு. தாங்காதும்மான்னேன். அந்தப் பொண்ணுக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துச்சு.

இதைத்தான் தம்பி நான் கேக்குறேன். ஒரு மனுஷன் ஏதோ தெரியாம வெளிய வந்துட்டான். வியாதிக்காரியை வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறான். அவனை உள்ள விடணும்னு ஒரு ரூல் வேண்டாமா? என்ன அரசாங்கம் இது? கம்பெனிக்காரன் நினைச்சா பிளானை ரத்து பண்ணுவானாம், அதைத் தடுக்க ஒரு ரூல் வேண்டாமா? இதையெல்லாம் எழுதி டாலிவருக்கே ஒரு மனு அனுப்பலாம்னு இருக்கேன். இந்தத் தீபாவளிக்கு எப்படியும் சாப்பாட்டு டோக்கன் போடுவோம்.

என்ன சிரிப்பு? சரி, சிரிங்க.

காப்பீடு இல்லாம இங்க பண்ணா ஆகுற செலவு நமக்குக் கட்டுப்படியாகாது, அதான் மதுரை ஆஸ்பத்திரியில எல்லாம் பேசியாச்சு. வாடிப்பட்டிப் பக்கம் இருந்த என் நிலத்தை வித்துட்டேன், அது கிடக்கு. இங்கத்த டாக்டர் விமானத்துல போகலாம்னு லெட்டர் கொடுத்திருக்கார், அவ பக்கத்துல ஆக்சிஜன் டப்பா இருக்கு பாருங்க, கீழ. ஆஸ்பத்திரிக்காரங்க ஃபார்ம் ஒண்ணு அனுப்பியிருந்தாங்க, வந்து இறங்குனதும் கொடுக்கணுமாம். நான் நிரப்புறேன்னு பேனாவை எடுத்தேன். அவ என் கையிலருந்து பேனாவைப் பிடுங்கிட்டா. பிடுங்குனான்னா, முப்பத்திரண்டு வருஷத்துல அவ எங்கிட்ட இருந்து ஒரு பொருளைப் பிடுங்குனது அதுதான். நிரப்பி, மடிச்சு, பாஸ்போர்ட்டோட வச்சுட்டா.

இப்ப, நீங்க வர்றதுக்கு முன்னாடி, பாஸ்போர்ட்டை எடுக்குறப்ப அந்த ஃபார்மைப் பிரிச்சுட்டேன். பிரிக்கலாமா கூடாதான்னு தெரியலை, பிரிச்சுட்டேன். அவ அதைப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சு உங்ககிட்ட வந்தா. குறட்டையெல்லாம் ஒண்ணுமில்லை.

இந்தா பாருங்க. "ஏற்கெனவே உள்ள நோய்கள், எவ்வளவு காலமாக"ன்னு போட்டிருக்கா? அதுக்குக் கீழ பாருங்க, அவ கையெழுத்து. ஒண்ணு, இதய வால்வு, ஏழு வயதிலிருந்து. நல்லா பெருசா, கட்டத்துக்கு வெளியவெல்லாம் போயிருக்கு. இதை அவ எழுதி நான் பாத்ததே இல்லை. எங்கயும் எழுத விட்டதில்லை. ரெண்டாவதைப் படிங்க. சத்தமாப் படிக்காதீங்க தம்பி, எனக்குத் தெரியும். "ரெண்டு, வீட்டுக்காரர், முப்பத்திரண்டு வருடமாக."

டாக்டர்கள் பாப்பாங்கல்ல, இதையெல்லாம். என்ன நெனப்பாங்க? அடிச்சுட்டு வேற எழுதலாம்னா பேனா அவகிட்ட இருக்கு.

விமானம் நகருது போல. பெல்ட்டைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணுங்க தம்பி. உங்க பழைய சீட்டுக்குப் போய், சார்ஜரை விட்டுட்டேன்னு ஏதாவது சொல்லிட்டு, அவ அந்தச் சிவப்பு மாத்திரையைப் போட்டாளான்னு பாத்துட்டு வாங்க. எட்டு மணிக்குப் போடணும், மறந்துருவா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. நம்பாம ஏன் வந்தீங்கன்னு கேட்டா, ஒண்ணும் இல்லைன்னுருங்க.